உதடு வெடித்தால் என்ன செய்வது?

ஈஜிபுராவில் இருக்கும் நமக்குப் பல் வலி வந்தால், விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய நேரம் ஆகும். அதுவரை வாயைத் திறந்தே வைக்க வேண்டும். உதடு இழுபடும். பஞ்சு ஈரத்தை உறிஞ்சும். உதடு காய்ந்து வெடிக்கும்.

நாக்கால் நக்காதீர்கள். எச்சில் காயும்போது உதடு இன்னும் காயும். தோலை உரிக்காதீர்கள்.

போகும் முன்பும் வந்த பின்பும் வாசலின் தடவுங்கள். இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மரத்த உதட்டைக் கடிக்காதீர்கள். மரப்பு போகும்வரை சூடான டீ வேண்டாம்.

இரண்டு வாரம் ஆகியும் புண் ஆறவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள்.

உதடு எரிகிறது என்று சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். பல் மறுபடி சீழ் பிடிக்கும். உதட்டுப் புண் சில நாளில் ஆறும். போன பல் திரும்ப வராது.

பேசுவோம்: உதட்டை ஏன் நக்கக் கூடாது?