ஹேண்ட் பிரேக்கை நம்பி டர்போவைக் கழற்றாதீர்கள்

நம்பிக்கை: ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியர் போட்டுக் கிளட்சை விட்டதும் வண்டி ஆஃப் ஆனால், கிளட்ச் நன்றாக இருக்கிறது.

உண்மை: சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆஃப் ஆகாமல் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது, சரி. ஆனால், ஆஃப் ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை.

ஸ்கோடா லாரா 1.8 டி.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். 160 குதிரைத்திறன், 1500 ஆர்.பி.எம்.மிலேயே 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. நம் பையன்கள் அதை ரீமேப் செய்து 300-க்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். கிளட்ச் மட்டும் கம்பெனி கொடுத்ததே. ஐடிலில் நிற்கும்போது டர்போ அழுத்தமே ஏறியிருக்காது. அந்தச் சொற்ப விசையைத் தாங்கியதற்காகக் கிளட்சுக்கு நற்சான்று கொடுப்பது, காலி வாளியை இறக்கிப் பார்த்துவிட்டுக் கயிறு கெட்டி என்பதுபோல. போதாக்குறைக்கு, சூடேறினால்தான் வழுக்கும் கிளட்சுகளும் உண்டு. காலையில் ஷெட்டிலேயே சோதித்தால் அதெல்லாம் தேறிவிடும்.

பிறகு நடப்பதுதான் கொடுமை. "கிளட்ச் நல்லாத்தான் இருக்கு சார், டர்போதான் போச்சு" என்று தீர்ப்பு வருகிறது. டர்போவை மாற்றியும் பிக்கப் வராது. கடைசியில் கியர்பாக்ஸை இறக்கினால் ஃப்ளைவீல் முகம் சூட்டில் நீலம் பாரித்திருக்கும், பிளேட் கண்ணாடிபோல் மின்னும்.

சரியான சோதனைக்கு இரண்டு முட்கள் போதும். வண்டி நன்றாகச் சூடான பின், நாலாவது கியரில் 1500-லிருந்து ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். ஒரே கியரில் ஆர்.பி.எம்.மும் வேகமும் சேர்ந்துதான் ஏற வேண்டும். 2000-த்தில் 60 கிலோமீட்டர் என்றால் 3000-த்தில் 90. இதில் பேரத்துக்கு இடமில்லை. ஆர்.பி.எம். முள் துள்ளி, வேக முள் அங்கேயே நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டும் ஒன்றாக, ஆனால் மந்தமாக ஏறினால்தான் இன்ஜின் பக்கம் போக வேண்டும்.

நம்பிக்கை: ஸ்கேனர் எந்தப் பாகம் போச்சு என்று சொல்லிவிடும்.

உண்மை: ஸ்கேனரில் பி0299 என்ற கோடு வந்தால் டர்போ அழுத்தம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று மட்டும்தான் பொருள். கிழிந்த ஹோஸ், தளர்ந்த கிளாம்ப், டைவர்ட்டர் வால்வு என எதுவாகவும் இருக்கலாம். பி0301, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், வந்தால் அதன் காயிலை மூன்றாவதில் மாட்டிப் பாருங்கள். கோடு பி0303 என மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: கிளட்ச் பக்கம் சத்தம் வந்தால் பிளேட் போச்சு.

உண்மை: பெடலை மிதிக்கும்போது மட்டும் வந்தால் முதல் சந்தேகம் ரிலீஸ் பேரிங்மேல். மிதித்தவுடன் அடங்கினால் கியர்பாக்ஸ் பேரிங்கோ இரட்டை நிறை ஃப்ளைவீலோ.

நம்பிக்கை: காலையில் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் போச்சு.

உண்மை: சைலன்சரில் படிந்த ஈரம் அது. வண்டி சூடான பின்னும் நிற்காமல், கூலன்டும் குறைந்தால் கவலைப்படுங்கள்.

கடைசியாக ஒன்று. முழு ஆக்ஸிலேட்டர் சோதனை என்று நான் எழுதியதைச் சாக்காக வைத்து, ராத்திரி ஈ.சி.ஆரில் கிளம்பிவிடாதீர்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும் டிராக் இருக்கிறது. பக்கத்தில் டைனோ இருந்தால் இன்னும் நல்லது. அங்கே ஆகும் செலவு, வீணாக மாற்றும் டர்போவின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை. ரீமேப்புக்குப் பணம் இருக்கிறவர்களுக்கு ஹெல்மெட்டுக்கும் டிராக் கட்டணத்துக்கும் மட்டும் எப்படிப் பஞ்சம் வருகிறது?