படகு வீட்டில் ஒரு பூனைக்குட்டி

பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு வாழும் குடும்பங்கள் உலகில் உண்டு. கரீபியன் தீவுகளின் அருகிலும், தென் பசிபிக் கடலிலும் இத்தகைய படகுகளைக் காணலாம். பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள படகுக்குள்ளேயே சமையல், உறக்கம், குழந்தைகளின் பாடம் எல்லாம் நடைபெறும். அக்குடும்பம் ஒரு பூனைக்குட்டியை வளர்க்க விரும்பினால், பூனையின் உடலமைப்பு கடல் வாழ்வுக்கு எந்த அளவு ஒத்துவரும்? எங்கே மனிதரின் உதவி தேவைப்படும்? பார்ப்போம்.

கப்பலில் பிறந்த ட்ரிம்

1799-இல், தென் ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிச் சென்ற ஆங்கிலக் கப்பல் ஒன்றில் ஒரு பூனைக்குட்டி பிறந்தது. ட்ரிம் என்பது அதன் பெயர். மாத்தியூ பிளிண்டர்ஸ் என்னும் மாலுமி அதை வளர்த்தார். 1802, 1803 ஆம் ஆண்டுகளில் அவர் ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றி வந்தபோது ட்ரிமும் உடன் சென்றது. குட்டிப் பருவத்தில் துள்ளி விளையாடும்போது அது கடலில் விழுவதுண்டு, நீந்தவும் கற்றுக்கொண்டது, கயிற்றை வீசினால் பற்றி ஏறி வந்துவிடும் என்று பிளிண்டர்ஸ் எழுதியிருக்கிறார். அந்தக் கயிறு இல்லாதிருந்தால்?

சமநிலையும் வழுக்கலும்

பூனையின் உட்செவியில், திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பினால் திரவம் அசையும். மூளைக்குச் செய்தி போகும். விழும் பூனை முதலில் தலையையும் முன்னுடலையும் திருப்பி, பிறகு பின்னுடலைத் திருப்பி, கால்களை ஊன்றி இறங்குகிறது. பிரெஞ்சு அறிஞர் மரே 1894-இல் தொடர் புகைப்படங்கள் எடுத்து இதைக் காட்டினார். இத்திறன் பிறக்கும்போதே முழுமையாக இருப்பதில்லை. குட்டிக்கு ஆறு ஏழு வாரம் ஆகும்போதுதான் நன்கு அமைகிறது.

ஆனால் தண்ணீரில் விழுந்த பிறகு இத்திறனால் பயன் இல்லை. அப்போது வேண்டியது நகம் பதியும் இடம். மரப்பட்டையில் பூனையின் வளைந்த நகம் பதியும். இன்றைய படகுகள் பலவற்றின் பக்கங்களோ கண்ணாடியிழையால் ஆனவை, கண்ணாடிபோல் வழவழப்பானவை. நகம் பதியாது. நீந்தத் தெரிந்த பூனையும் படகைச் சுற்றிச் சுற்றி வந்து களைத்து மூழ்கிவிடும்.

ஆகவே, படகு நங்கூரமிட்டு நிற்கும்போது தடித்த கயிற்றையோ வலையையோ தளத்திலிருந்து நீருக்குள் தொங்கவிட வேண்டும். அதைப் பற்றி ஏறிவரக் குட்டியைப் பழக்கவும் வேண்டும். தளத்தின் ஓரக் கம்பிகளிலும் வலை கட்டுவது நல்லது.

படகு ஓடும்போது நிலைமை வேறு. மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் என்று கொள்வோம். அப்படியானால் ஒரு நிமிடத்தில் படகு 150 மீட்டர் சென்றுவிடும். அவ்வளவு தொலைவில், அலைகளுக்கிடையே ஒரு குட்டியின் தலை நம் கண்ணுக்குத் தெரியுமா? அதனால் படகு ஓடும்போதும் இரவிலும் குட்டி உள்ளறையில்தான் இருக்க வேண்டும்.

நீரும் உணவும்

படகில் நல்ல நீர் அரிய பொருள். பூனையின் முன்னோர் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். ஆகவே அதன் சிறுநீரகம் நீரை மிகவும் சிக்கனமாகச் செலவிட்டு, கழிவுகளைச் செறிவாக வெளியேற்றுகிறது. இந்த வகையில் அது நம்மைவிடத் திறமை மிக்கது. அதற்காகக் குடிநீர் வைக்காமல் இருக்கலாகாது; நல்ல நீர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும்.

கடலில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தினமும் பச்சை மீனை மட்டும் கொடுப்பது தவறு. சிலவகை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உள்ளது. சமைத்தால் அந்நொதி செயலிழந்துவிடும்.

எந்த வயதில் ஏற்றுவது?

இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதரின் கை பட்டு வளரும் குட்டி மனிதரிடம் எளிதில் பழகும். எட்டு வாரமாவது தாயுடன் இருந்த பிறகு படகுக்குக் கொண்டுவரலாம். முதல் நாட்களில் குட்டிக்குக் கடல் மயக்கம் வரலாம். எச்சில் வடிப்பதும் ஓயாமல் கத்துவதும் அதன் அறிகுறிகள். படுக்கையைப் படகின் நடுப்பகுதியில், தாழ்வான இடத்தில் வைத்தால் ஆட்டம் குறையும்.

துறைமுகத்தில் ஒரு தடை

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நாய், பூனைகளிடையே ரேபிஸ் என்னும் வெறிநோய் இல்லை. அதனால் வெளிநாட்டுப் படகில் வரும் பூனையை அங்கே விருப்பம்போல் கரையில் இறக்க முடியாது. இது வீண் கெடுபிடி அன்று. இந்நோய்க் கிருமி உடலில் புகுந்து, அறிகுறி தோன்றப் பல வாரங்களோ மாதங்களோ ஆகலாம். நலமாகத் தோன்றும் பூனையும் நோயைச் சுமந்து வரக்கூடும். தடுப்பூசியும் அதற்கான சான்றிதழும் புறப்படுமுன்பே வேண்டும். போகும் நாட்டின் விதிகளையும் அறிந்துகொள்ள வேண்டும்.

பூனைக்கு இயற்கை தந்தவை சமநிலை, நகம், சிக்கனமான சிறுநீரகம். ஏறிவரக் கயிறு, அடைத்த கதவு, தடுப்பூசி ஆகியவற்றைத் தர வேண்டியது வளர்ப்பவர் கடமை.

செய்து பாருங்கள்

ஒரு பென்சிலின் மேல் 30 செ.மீ. அளவுகோலை, நடுப்புள்ளி பென்சிலின் மேல் வருமாறு வையுங்கள். ஒரு முனையை மெல்ல அழுத்தி விடுங்கள். முனைகள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன? நடுப்பகுதி எவ்வளவு அசைகிறது? குட்டியின் படுக்கையை ஏன் படகின் நடுவில் வைக்கச் சொன்னோம் என்பது விளங்கும். ஆனால் பூனையைத் தூக்கிப்போட்டுச் சோதிக்க வேண்டாம். அந்தச் சோதனையை மரே நமக்காக என்றோ செய்து முடித்துவிட்டார்!