எத்தனை அங்குலம்?

சுவிட்சர்லாந்து ரயில் பாதைகளின் பூஜ்ய கிலோமீட்டர் கல் ஓல்டன் நிலையத்தில் நிற்கிறது. சூரிச், பேர்ன், பாசல் மூன்றுக்கும் இங்கிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம்தான். இங்கே குடியிருந்து அங்கே வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களின் தோளில் தினமும் லேப்டாப் தொங்குகிறது. ஆனாலும் கடையில் முதலில் கேட்கப்படுவது எடை அல்ல, அங்குலம்.

எண் பெரிதானால் திரையும் அந்த அளவுக்குப் பெரிது என்பது பரவலான நம்பிக்கை. அந்த எண்ணோ மூலைக்கு மூலை குறுக்கே அளந்த நீளம் மட்டுமே. 16:9 விகிதத்தில் உள்ள 15.6 அங்குலத் திரையின் உயரம் 19.4 செ.மீ.; 16:10 விகிதத்து 14 அங்குலத் திரைக்கு 18.8 செ.மீ. உயரத்தில் ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! கூடுதலாகக் கிடைப்பது நாலு சென்டிமீட்டர் அகலம். எக்செல் அட்டவணையை விரித்து வைத்துக் கணக்குப் பார்ப்பவருக்கு அது லாபம். கட்டுரை எழுதும் மாணவருக்கு அவ்வளவாக உதவாது. பெரிய லேப்டாப்கள் பலவற்றில் வலப்பக்கம் தனி எண் விசைகளும் சேர்ந்தே வருகின்றன. கணக்காளருக்கு அவை வரம். மற்றவர்களுக்கு, எழுத்து விசைகள் இடப்பக்கம் தள்ளிப்போவதுதான் மிச்சம்.

பெரிய திரையில் அதிகம் தெரியும் என்பதும் பாதி உண்மைதான். 14 ஆனாலும் 15.6 ஆனாலும் திரை 1920×1080 புள்ளிகள் கொண்டது, விண்டோஸில் அளவமைப்பும் ஒன்றே என்றால், இரண்டிலும் தெரியும் வரிகள் ஒரே எண்ணிக்கைதான். பெரியதில் எழுத்து கொஞ்சம் பருத்திருக்கும். வெள்ளெழுத்து வந்தவருக்கு அது பெரிய விஷயம், மறுக்க முடியாது.

சின்னது என்றால் லேசு என்பதும் எப்போதும் சரியில்லை. 15 அங்குல மேக்புக் ஏர் 1.51 கிலோ, 14 அங்குல மேக்புக் ப்ரோ அதைவிடச் சற்றுக் கனம். 17 அங்குல எல்ஜி கிராம் சுமார் 1.35 கிலோதான். ஆனால் அதை ரயிலின் சன்னலோரக் குட்டி மேசையில் விரித்தால் காப்பிக் கோப்பைக்கு இடமிருக்காது.

சின்னத் திரை கண்ணைக் கெடுத்துவிடும் என்ற பயம் பெற்றோர் பலருக்கு உண்டு. கண் களைப்பது உண்மை; திரை சின்னது என்பதாலேயே நிரந்தரக் கேடு வரும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. இமைக்க மறந்து மணிக்கணக்கில் வெறித்துப் பார்த்தால் எந்த அளவிலும் களைக்கும். கழுத்து வலி வேறு கதை: லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், 13 அங்குலமோ 17 அங்குலமோ, தலை குனியத்தான் வேண்டும்.

ரயிலில் போய்வருகிறவருக்கு 16:10 விகிதத்து 14 அங்குலமும், வீட்டு மேசையில் ஒரு 24 அங்குல மானிட்டரும் பெரும்பாலும் பொருந்தும். யுஎஸ்பி-சி வழியே படமும் மின்சாரமும் போகுமா என்று இரண்டையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. எல்லா மாடலிலும் அந்த வசதி இருப்பதில்லை.