மலை வண்டிக்கு ஹோஸ் மாற்றுபவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 300 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊரில் புறப்படும் வண்டி, கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. முதல் கியர், இரண்டாம் கியர் என்றே பாதி வழி கழியும். எஞ்சின் முழு பாரத்தை இழுக்கிறது; வண்டியோ மெல்லத்தான் நகர்கிறது. அதனால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. சமவெளியில் ஐந்து வருடம் சத்தமில்லாமல் ஓடிய ரப்பர் ஹோஸ், இந்த ஏற்றத்தில்தான் வெடிக்கும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பழைய வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. காபித் தோட்டத்துக்குள் ஓடும் மகிந்திரா ஜீப்புகள், 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர்கள், 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்த சொந்த வண்டிகள் என்று எல்லாம் இன்னும் மலையேறுகின்றன. மெக்கானிக் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எஞ்சின் பிரிக்கும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். கூலன்ட் ஹோஸ் மாற்றும் வேலையைக் குறையில்லாமல் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். மலைக்காரர்களின் நம்பிக்கை அதில்தான் கிடைக்கும்.

வேலை சோதனையில் தொடங்குகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹோஸை நடுவில் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிறகு கிளிப்புக்குப் பக்கத்தில் அழுத்துங்கள். நடுப்பகுதி கெட்டியாகவும் ஓரம் கொழகொழவென்றும் இருந்தால் அந்த ஹோஸ் முடிந்தது. வெளியே பளபளப்பாக இருப்பதை நம்பக் கூடாது. கூலன்ட், உலோகக் கழுத்து, ரப்பர் மூன்றும் சேர்ந்து மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன. அது ரப்பரை உள்பக்கமிருந்து, பெரும்பாலும் நுனிகளுக்கு அருகில், கோடு கோடாக அரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த விரிசலை விரல்தான் கண்டுபிடிக்கும். அழுத்தும்போது நொறுங்கும் சத்தம் வந்தால் சூட்டில் வெந்துபோனது. உப்பலாக இருந்தால் ஆயில் பட்டது. கிளிப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது.

ஹீட்டரை மறந்துவிடாதீர்கள். சமவெளிப் பட்டறைகளில் ஹீட்டர் கசிந்தால் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் ஒன்றாக இணைத்து ஒதுக்கிவிடுவது வழக்கம். ஏற்காட்டு வண்டிக்கு அதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மழைக்காலத்திலும் மார்கழி, தை மாதங்களிலும் மூடுபனி இறங்கும்போது முன்கண்ணாடியின் உள்பக்க ஈரத்தைக் காய வைப்பது அந்தச் சூடான காற்றுதான். கண்ணாடி தெரியாமல் வளைவில் இறங்குவது உயிரோடு விளையாடுவது. முன்சீட்டில் காலடி விரிப்பு நனைந்திருந்தால், கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால், உள்ளே இனிப்பு வாடை அடித்தால், ஹீட்டர் கசிகிறது என்று சொல்லிவிடலாம்.

மாற்றுவது என்று முடிவானால் முழுத் தொகுப்பையும் மாற்றச் சொல்லுங்கள். மேல் ஹோஸ் வெடித்தது என்று அதை மட்டும் மாற்றினால், அதே வயதுள்ள கீழ் ஹோஸ் அடுத்த மாதம் அதே மலையில் வண்டியை நிறுத்தும். வாட்டர் பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி பைபாஸ் ஹோஸுக்குக் கை போகாது; அதனாலேயே பலர் அதைத் தொடாமல் விடுகிறார்கள். முதலில் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியும் இந்தத் தொகுப்பில் சேர்த்தி. 1,500 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை உயர்த்துவது மூடிதான். அதன் ரப்பர் தேய்ந்திருந்தால் புது ஹோஸ் போட்டும் வண்டி கொதிக்கும்.

எஞ்சின் முழுக்க ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். அவசரப்படுத்தும் வாடிக்கையாளர் எத்தனை பெரியவராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆறியபின் கூலன்டைப் பாத்திரத்தில் வடித்துவிட்டு, பழைய ஹோஸை இழுத்துப் பிடுங்காமல் பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். பிடுங்கினால் ரேடியேட்டர் கழுத்து வளையும், பிளாஸ்டிக் என்றால் உடையும். கழுத்தை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, துரும்பு இல்லாமல் சுத்தம் செய்யுங்கள்.

புது ஹோஸ் வழுக்கி ஏற கிரீஸ் தடவுவது தவறு. கூலன்ட் ஹோஸ் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் விஷம். கொஞ்சம் கூலன்ட் அல்லது சோப்புத் தண்ணீர் போதும். வளைவாக வார்த்த ஹோஸ் இருக்கும் இடத்தில் நேர் ஹோஸை வளைத்துப் போட்டால் மடங்கும், ஓட்டம் நின்றுவிடும். கீழ் ஹோஸுக்குள் கம்பிச் சுருள் இருந்ததா என்று பாருங்கள். பம்பு உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிப் போகாமல் தடுப்பது அதுதான். ஹோஸ் விறைப்பாக இழுபட்டு நிற்கவும் கூடாது. எஞ்சின் மவுன்டிங்கில் அசையும், அதற்கு இடம் விட வேண்டும். கிளிப் புதிதாக இருக்கட்டும். கழுத்தில் மேடாக இருக்கும் விளிம்பைத் தாண்டி உட்பக்கமாக அது உட்கார வேண்டும். ரப்பரை வெட்டும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

“இங்கே என்ன உறையவா போகிறது, கூலன்ட் எதற்கு” என்று கேட்பார்கள். துருப் பிடிக்காமல் காப்பதற்கும், கொதிநிலையை உயர்த்துவதற்கும், வாட்டர் பம்ப் சீல் உழைப்பதற்கும் என்று பதில் சொல்லுங்கள். வண்டிக் கையேடு வேறு சொல்லாவிட்டால் சரிபாதி கூலன்ட், சரிபாதி டிஸ்டில்டு வாட்டர். போர்வெல் தண்ணீர் உள்ளே உப்பாகப் படிந்து ரேடியேட்டரை அடைக்கும். நிறம் ஒன்றாக இருப்பதால் இரண்டு கூலன்டும் ஒரே வகை என்று நினைத்துக் கலக்காதீர்கள்.

ஊற்றியபின் காற்றை வெளியேற்றுவதில்தான் அனுபவம் தெரியும். வண்டியின் மூக்கு மேடாக நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சுடும், மட்டம் இறங்கும். குமிழி நிற்கும்வரை நிரப்புங்கள். பிறகு மூடியைப் பூட்டி, நான்கைந்து வளைவு ஏறி இறங்கிப் பாருங்கள். ஆறியதும் கிளிப்புகளை மறுபடி முறுக்கி, மட்டத்தையும் பாருங்கள்.

பாதி மலையில் ஹோஸ் போய் போன் வந்தால் முதலில் எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றாதே என்று அடுத்து சொல்லுங்கள். காய்ந்த சிலிண்டர் ஹெட்டில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். நுனியில்தான் கிழிந்திருக்கிறது என்றால், எஞ்சின் ஆறியபின் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மீண்டும் மாட்டி மெதுவாகக் கொண்டுவரலாம். சரிவில் எஞ்சினை அணைத்து உருட்டி வருவது மட்டும் கூடவே கூடாது. பிரேக்கின் உதவி போய்விடும்.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் 2 வருடம், டீசல் மெக்கானிக் 1 வருடம். இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பிறகு 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின்கீழ் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். பழுதாகும் முன்பே அட்டவணைப்படி பாகம் மாற்றும் பழக்கம் டிப்போவில் வரும். தனிப் பட்டறையில் அது எளிதில் வராது.

சொந்தமாகத் தொழில் செய்தால் ஊரின் காலண்டரைப் பாருங்கள். மே மாதம் கோடை விழா, அதே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா, நவம்பருக்குப் பின் காபிப் பழம் பறிக்கும் காலம். வண்டிகள் ஓய்வில்லாமல் ஓடும் நாட்கள் இவை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் பழைய வாடிக்கையாளர்களை நீங்களே அழைத்துச் சோதனைக்கு வரச் சொல்லுங்கள். பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனியாக பில் எழுதுங்கள். கழற்றிய ஹோஸை நீளவாக்கில் பிளந்து உள்விரிசலைக் காட்டுங்கள். கேட்ட கூலியைக் குறைக்க யாரும் முனைய மாட்டார்கள். மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிய ஸ்டிக்கரை பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

வடித்த கூலன்டை ஓடையிலோ காபிச் செடிக்கடியிலோ கொட்டக் கூடாது. அது இனிப்பாக இருக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும், குழந்தைக்கும் அதே ஆபத்து. மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, எட்டாத இடத்தில் வைத்துக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள்.