காவல் நாய்க்குச் சத்து மாத்திரை வேண்டுமா?

கேள்வி: எண்ணூரில் எங்கள் கிடங்குக் காவலுக்கு ராஜபாளையம் நாய் வளர்க்கிறோம். புகையும் தூசியும் அதிகம். ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா? – வாசகர், எண்ணூர்

பதில்: கவலை வேண்டாம், மருந்துக் கடைக்கு முன் காசிமேட்டு மீன் சந்தைக்குப் போங்கள். ஆன்டிஆக்ஸிடன்ட்களில் வைட்டமின் சி-யை நாயின் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும். அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். வைட்டமின் ஈ உணவிலிருந்துதான் வர வேண்டும். சோறு, இறைச்சி, வேகவைத்த முட்டை, மசித்த கேரட் தினமும் இருக்கட்டும். வாரம் இரண்டு முறை மத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள். தினமும் வேண்டாம், மீன் கொழுப்பு கூடினால் வைட்டமின் ஈ தேவையும் கூடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த மிச்சக் குழம்பை ஊற்றவே ஊற்றாதீர்கள். அவை ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். படுக்கும் இடத்தைப் புகை வராத பக்கம் மாற்றுங்கள். அந்த வேலையை எந்த மாத்திரையும் செய்யாது. இருமல், மூச்சிரைப்பு தெரிந்தால் உடனே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.