விமான நிலையத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் வரை: நியாயமான வாடகையில் வண்டி அமர்த்துதல்

தாயார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார் என்ற செய்தி கேட்டு, வெளிநாட்டில் பணிபுரியும் மகன் கிடைத்த விமானத்தில் ஏறி நள்ளிரவில் சென்னையில் இறங்குகிறார். வாயிலில் முதலில் அணுகுபவர் கேட்ட தொகையைப் பேசாமல் கொடுத்துவிடுகிறார். வெளியூரில் அறுவை சிகிச்சை முடிந்து விமானத்தில் திரும்பும் நோயாளிகளுக்கும் இதுவே நேர்கிறது. அவ்வாறு கூடுதலாகச் செலவாகும் பணம் பல வேளைகளில் மருந்துக்கென ஒதுக்கிய பணமாகவே இருப்பதை நாங்கள் கண்டு வருகிறோம். ஆகவே இவ்விதழில் இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதலில் விமான நிலையம்

பயணச்சீட்டு வாங்கும் முன்பே தொலைவை எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை நமது ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. திருச்சிராப்பள்ளி அதில் ஏறக்குறையப் பாதித் தொலைவே. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் ஆகிய நகரங்களிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானங்கள் வருகின்றன. சீட்டின் விலை சற்று மிகுந்தாலும், வண்டி வாடகையைச் சேர்த்துக் கூட்டினால் திருச்சியே சிக்கனமாக அமையலாம். நோயாளிக்கும் சாலையில் அமரும் நேரம் குறையும்.

வாடகையின் உறுப்புகள்

வாடகை என்பது ஒரே தொகை அன்று. கிலோமீட்டர் கட்டணம், ஓட்டுநர் படி, சுங்கக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம் ஆகியவை அதில் அடங்கும். இவற்றைவிட முதன்மையானது, 'ஒருவழியா, இருவழியா' என்னும் கேள்வி.

கணக்கு விளங்குவதற்காகத் தொலைவு 240 கிலோமீட்டர் என்றும், ஒருவழிக் கட்டணம் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றும், படி 400 ரூபாய் என்றும் கொள்வோம். 240 × 14 = 3,360; படியுடன் 3,760 ரூபாய். இருவழி வண்டி கிலோமீட்டருக்கு 13 ரூபாய் என்றால் குறைவாகத் தோன்றும். ஆனால் வண்டி திரும்பும் தொலைவும் சேர்ந்து 480 × 13 = 6,240; படியுடன் 6,640 ரூபாய் ஆகும். குறைந்த கட்டணம் என்று எண்ணி ஏறியவர் இறங்கும்போது திகைப்பது இதனால்தான்.

பேசி முடிக்கும் முறை

1. புறப்படுவதற்கு ஒரு நாள் முன்பே, விருத்தாசலத்தில் ஒருவரிடமும் விமான நிலையம் உள்ள நகரில் இருவரிடமும் விலை கேளுங்கள். நமது ஊர் வண்டி வெறுமையாகச் சென்று ஏற்றி வருமாயின், இரு வழிக்கும் கட்டணம் கேட்பது இயல்பே.
2. சுங்கமும் படியும் அடங்கிய மொத்தத் தொகை, வண்டி எண், ஓட்டுநரின் கைப்பேசி எண் ஆகியவற்றைக் குறுஞ்செய்தியாகப் பெறுங்கள்.
3. விமானம் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் எவ்வளவு என்பதையும் முன்னரே கேளுங்கள்.
4. மஞ்சள் எண்பலகை உள்ள வாடகை வண்டியிலேயே ஏறுங்கள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துடைய சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டுதல் கூடாது; விபத்து நேர்ந்தால் காப்பீடு பெறுவதும் சிக்கலாகும்.
5. முன்பணம் கேட்டால் சிறு தொகை மட்டும் கொடுங்கள்.

முன்னேற்பாடு இன்றி இறங்கியவர்கள், வாயிலில் அழைப்பவரைப் பின்தொடராமல், நிலையத்துக்குள் உள்ள முன்கட்டண டாக்சி முகப்பில் விசாரித்து இரசீது பெறலாம்.

நோயாளி உடன் வந்தால்

சக்கர நாற்காலி வேண்டுமெனில், குறைந்தது 48 மணி நேரம் முன்பாக விமான நிறுவனத்திடம் தெரிவியுங்கள். மருந்துகளும் மருத்துவ அறிக்கைகளும் கைப்பையில் இருக்கட்டும். எத்தனை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டறிந்து, அதனை ஓட்டுநரிடம் வண்டி பேசும்போதே கூறிவிடுங்கள். படுத்தே வரவேண்டிய நிலை எனில் டாக்சி ஏற்றதன்று. ஆம்புலன்ஸையே அமர்த்த வேண்டும். 108 சேவை இலவசமானது. எனினும் அது அவசர நிலைக்கு உரியது, வீடு திரும்பும் பயணத்திற்கு அன்று.

உடல்நலம் உள்ளவர் தனியே வந்தால், சென்னை விமான நிலையத்திற்கு எதிரே உள்ள திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் சென்று, அங்கிருந்து விருத்தாசலம் வழிச் செல்லும் விரைவு ரயிலில் வரலாம். பின்னர் விருத்தாசலத்திலிருந்து ஊர் வரைக்கு மட்டும் வண்டி போதும்.

நோயாளியின் அருகில் இருப்பவர்கள் இவ்வேலையைத் தாமே சுமக்க வேண்டியதில்லை. மனம் கலங்கியிருக்கும் வேளையில் பேரம் பேசுவது கடினம். விலை கேட்கும் பொறுப்பை ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் இன்றே ஒப்படைத்துவிடுங்கள்.