இறுதிக்காலச் சிகிச்சை: முஸ்லிம் முதியவர்களுக்கு ஒரு விளக்கம்

ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பும்போது, கஃபன் துணியை ஸம்ஸம் நீரில் நனைத்துக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. அடக்கத்திற்கு ஆயத்தமாக இருக்கும் அவர்களே, அதற்கு முந்தைய சில வாரங்களில் எத்தகைய சிகிச்சை வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பதில்லை. நீங்கள் நினைவிழந்து கிடக்கும்போது, சுவாசக் கருவி வேண்டும் என்று மகனும் வேண்டாம் என்று மகளும் மருத்துவமனையில் வாதாடும் நிலை வரக்கூடாது அல்லவா?

சிகிச்சையை மறுப்பது பாவமா?

பலரைப் பேசவிடாமல் தடுப்பது இந்த அச்சமே. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். அதை வேண்டுமென்றே முடித்துக்கொள்வதும் பிறர் முடித்துவைப்பதும் ஹராம். சிங்கப்பூர்ச் சட்டமும் கருணைக்கொலையை அனுமதிப்பதில்லை. பலன் தராத சிகிச்சையை நிறுத்துவது அதிலிருந்து வேறுபட்டது. நோய்க்கு மருந்து தேடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். ஆனால் எல்லாச் சிகிச்சையும் எந்த நிலையிலும் கடமை என்று மார்க்கச் சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்வதில்லை. 1992இல் ஜித்தாவில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம், சிகிச்சை பற்றிய சட்டம் நோயாளியின் நிலைக்கேற்ப மாறும் என்றும், முடிவெடுக்கும் தகுதியுள்ள நோயாளியின் சம்மதம் தேவை என்றும் தீர்மானித்தது. குணமாக்கக்கூடிய சிகிச்சையை அலட்சியமாகக் கைவிடுவதற்கு இது அனுமதி அன்று. உங்கள் நோய் எந்த நிலையில் உள்ளது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொண்டு, பிறகு உங்கள் பள்ளிவாசல் இமாமையோ ஆலிமையோ அணுகுங்கள்.

வலியைத் தணிக்க மருத்துவர் தரும் மார்ஃபினைப் போதைப்பொருள் என்று எண்ணி மறுக்க வேண்டியதில்லை. மயக்கத்தில் கலிமா சொல்ல முடியாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். முடிந்தவரை விழிப்புடன் இருக்கும்படி அளவை மாற்றிப் பார்க்க அவர் முயல்வார்.

விருப்பத்தைப் பதிவு செய்வது எப்படி?

பெரும்பாலோருக்கு ஏற்ற வழி, முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல். பயிற்சி பெற்ற ஒருவர் உங்களுடனும் குடும்பத்தாருடனும் அமர்ந்து பேசி, உங்கள் விருப்பத்தைக் குறித்துக்கொள்வார். உங்களால் பேச முடியாதபோது உங்கள் சார்பில் பேச ஒருவரையும் நியமிக்கலாம். மூத்த மகன்தான் என்றில்லை. உங்கள் மனதை அறிந்தவராக இருந்தால் போதும். இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம் அன்று. ஆயினும், உங்களுக்கு எது நன்மை என்று மருத்துவர்கள் முடிவெடுக்கும்போது இதைக் கருத்தில் கொள்வார்கள். மனம் மாறினால் திருத்திக்கொள்ளலாம்.

முன்கூட்டிய மருத்துவ உத்தரவு, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது. 21 வயது நிரம்பியவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளில் ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். குணமாக்க முடியாத நோயில் மரணம் நெருங்கி, நினைவும் இழந்த நிலையில் மட்டுமே அது நடப்புக்கு வரும். வலி நிவாரணமும் ஆறுதல் பராமரிப்பும் அப்போதும் தொடரும். கையெழுத்திடும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

இவற்றில் எதுவும் வஸிய்யத் ஆகாது. சொத்தும் வாரிசுரிமையும் ஃபராயிள் சட்டப்படியே நடக்கும்.

திட்டத்தில் மருத்துவம் மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டிலைக் கிப்லா நோக்கித் திருப்புவது, அருகில் யாசீன் ஓதுபவர் யார், உடலைக் குளிப்பாட்டுவோர் யார், முதலில் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்பனவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு பிரதியைப் பிள்ளைகள் எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள்; கஃபன் துணி இருக்கும் அலமாரியே போதும்.